வடக்குத் தெரு உறவுகள் குழு: மாமாவைத் தனி அறைக்கு மாற்றிய நாள்

மீனாட்சி அத்தை (மாலை 6.40)
உங்கள் மாமாவை இன்று மதியம் பொது வார்டிலிருந்து தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். சிறுநீரகம் மாற்றிப் பத்து வாரமாகிறது. வயிற்றுப்போக்கால் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறியதென்று சேர்த்தோம், அது இறங்கி வருகிறது. ஆனால் சேர்த்த அன்று ஆசனவாயில் பஞ்சுக்குச்சி வைத்து எடுத்த பரிசோதனையில் ஏதோ கிருமி தெரிகிறதாம். கதவில் மஞ்சள் அட்டை ஒட்டியிருக்கிறார்கள், மேலங்கியும் கையுறையும் போடாமல் யாரும் உள்ளே வருவதில்லை. மருந்து மட்டும் எதுவும் கொடுக்கவில்லை. சிறுநீர் கல்ச்சர் (கிருமி வளர்ப்புப் பரிசோதனை) தாளையும் அனுப்பியிருக்கிறேன், கவிதா பார்த்துச் சொல்.

சுந்தரம் பெரியப்பா (6.52)
கிருமி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மருந்தும் கொடுக்காமல், ஊர் ஒதுக்கி வைத்ததுபோல் மாப்பிள்ளையை ஓர் அறையில் அடைத்திருக்கிறார்களே, இது என்ன வைத்தியம்? நாளை முதல் பேருந்தில் நாங்கள் நால்வரும் புறப்பட்டு வந்து நேரில் கேட்கிறோம்.

முருகேசன் சித்தப்பா (6.58)
அண்ணன் சொல்வது சரிதான். அக்கா, தேவையென்றால் செஃபிக்சிம் ஆன்டிபயாடிக் ஓர் அட்டை வாங்கி வருகிறேன், அத்தானுக்கு இன்றிரவே தொடங்கிவிடலாம்.

கவிதா (7.15)
சித்தப்பா, தயவுசெய்து அந்த அட்டையைக் கொண்டு வராதீர்கள். தாளைப் பார்த்தேன். கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் உட்பட ஏறக்குறைய எல்லா மருந்துக்கும் எதிரே ‘ஆர்’ என்று, அதாவது எதிர்ப்பு என்று போட்டிருக்கிறது. கடைசிக் கட்ட மருந்தான கோலிஸ்டினுக்கு மட்டும் ‘ஐ’, இடைநிலை. மெரோபெனமுக்கே அடங்காத கிருமிக்குச் செஃபிக்சிம் பொருட்டே இல்லை. குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களை அது கொன்றுவிடும், காலியான இடத்தில் இந்தக் கிருமி இன்னும் வசதியாகப் பரவிக்கொள்ளும். உடம்பு புதிய சிறுநீரகத்தை நிராகரிக்காமலிருக்க மாமா சாப்பிடும் டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் தாறுமாறாக ஏற்றிவிடும் கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளும் உண்டு. ஆகவே மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம்.

முருகேசன் சித்தப்பா (7.21)
மருந்துக்கடை நடத்திய காலத்தில் சீட்டே இல்லாமல் இரண்டு மாத்திரை, மூன்று மாத்திரை என்று வெட்டிக் கொடுத்தவன்தான் நானும். 2014 மார்ச் 1 முதல், சில ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்ற எச்1 பட்டியல் நடைமுறைக்கு வந்து, தனிப் பதிவேட்டில் நோயாளி பெயரும் மருத்துவர் பெயரும் எழுத வேண்டும் என்றான பிறகுதான் கை நின்றது. சரி, அட்டை வேண்டாம். ஆனால் மருந்தே கொடுக்காமல் இருப்பது எப்படிச் சரியாகும்?

கவிதா (7.40)
கிருமி உடம்பில் குடியிருப்பது வேறு, நோய் உண்டாக்குவது வேறு. மாமாவுக்குக் காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், புதிய சிறுநீரகம் வைத்த அடிவயிற்றில் வலி எதுவும் இல்லை என்று அத்தை காலையில் சொன்னார்கள். அறிகுறி இல்லாமல் சிறுநீரில் மட்டும் பாக்டீரியா இருந்தால், அறுவை முடிந்து ஒரு மாதம் கடந்தவர்களுக்கு மருந்து கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலே சொல்கிறது. கோலிஸ்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து. பத்து வாரச் சிறுநீரகத்துக்கு அதைக் காரணமில்லாமல் யார் கொடுப்பார்கள்? நம் நாட்டில் இவ்வகைக் கிருமிகள் பலவற்றில், மெரோபெனம் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் என்டிஎம் என்ற நொதி இருக்கிறது. அதற்குச் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற ஆன்டிபயாடிக் தனியாக வேலை செய்யாது, ஆஸ்ட்ரியோனம் என்ற இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அந்த இணையை உண்மையான தொற்று வரும் நாளுக்காக வைத்திருக்கிறார்கள். அத்தை, மாமா சாப்பிடும் ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும். ஆகவே 100 டிகிரியைத் தாண்டினாலோ குளிர் நடுக்கம் வந்தாலோ, நள்ளிரவானாலும் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட்டு உடனே மருந்தைத் தொடங்குவார்கள்.

சுந்தரம் பெரியப்பா (7.48)
மருந்து விஷயம் புரிந்தது. நோயே இல்லாதவரைத் தனி அறையில் வைப்பது ஏன் என்பதுதான் இன்னும் புரியவில்லை.

கவிதா (8.10)
பெரியப்பா, அது மாமாவுக்காக மட்டும் இல்லை, அடுத்த படுக்கைகளுக்காகவும்தான். அமெரிக்காவில் பெதெஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனைக்கு 2011 ஜூனில், நுரையீரல் மாற்றிய ஒரு பெண்மணி இதே கிளெப்சியெல்லாவுடன் வந்தார். வரும்போதே தெரிந்துவிட்டதால் அவரைத் தனிமைப்படுத்தினார்கள். அவர் ஜூலையில் வீடு திரும்பி மூன்று வாரம் கழித்து, அவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத இன்னொருவரிடம் அந்தக் கிருமி தென்பட்டது. அப்படியே 18 பேர் வரை போய், 11 பேர் இறந்தார்கள். அவர்களில் 6 பேரின் மரணத்துக்கு அந்தக் கிருமியே காரணம் என்று கண்டறிந்தார்கள். மரபணு வரிசையைப் பிரித்துப் பார்த்தபோது எல்லாம் அந்த முதல் நோயாளியிடமிருந்து வந்தவை என்று தெரிந்தது. சுத்தம் செய்து வைத்த ஒரு வென்டிலேட்டரிலும், கைகழுவும் தொட்டிகளின் வடிகால் துளையிலும்கூட அது இருந்தது. பணமும் கருவியும் குறைவில்லாத இடத்திலேயே அப்படியென்றால், நான்கு பேர் ஒரே கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பேசும் நம் வழக்கத்தை யோசித்துப் பாருங்கள்.

மருத்துவமனையில் என் வேலையே கைகழுவலைக் கணக்கெடுப்பதுதான். காலைச் சுற்றில் எல்லோரும் ஒழுங்காகச் செய்வார்கள், பார்வையாளர் நேரத்தில்தான் கெட்டுப்போகும். கட்டில் கம்பியைத் தொட்ட கையால் செல்போனை எடுப்பார்கள், அதே கையால் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுப்பார்கள்.

சுந்தரம் பெரியப்பா (8.19)
சரி அம்மா, பேருந்துச் சீட்டை ரத்து செய்கிறேன். மீனாட்சி, சிவன் கோயில் தீர்த்தத்தை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்பட்டுமா?

கவிதா (8.22)
தீர்த்தம் வேண்டாம், பெரியப்பா. கொதிக்க வைத்து ஆறிய நீரைத் தவிர வேறு தண்ணீர் எதையும் மாமா குடிக்கக் கூடாது. பூவும் வேண்டாம். கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, திருநீற்றை நீங்களே நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள்.

மீனாட்சி அத்தை (8.30)
கவிதா, ஒன்று கேட்கிறேன். மீந்த கஞ்சியை அறையிலுள்ள கைகழுவும் தொட்டியில் ஊற்றி, டிபன் டப்பாவையும் அங்கேயே கழுவினேன். அது தவறா?

கவிதா (8.33)
ஆமாம் அத்தை. வடிகாலுக்குள் ஒட்டியிருக்கும் கிருமிகளுக்குக் கஞ்சியும் பாலும் தீனி. குழாயை வேகமாகத் திறந்தால் அங்கிருந்து தெறித்து மேலே வரும். அந்தத் தொட்டியில் கையைத் தவிர வேறெதையும் கழுவாதீர்கள், பல்துலக்கியையும் அதன் விளிம்பில் வைக்காதீர்கள்.

மீனாட்சி அத்தை (8.41)
பல்துலக்கியை எடுத்துவிட்டேன். டப்பாவை மூடிப் பையில் போட்டுவிட்டேன், வீட்டுக்குப் போய்க் கழுவிக்கொள்கிறேன். இப்போது பார்த்த காய்ச்சல் 98.4.

முருகேசன் சித்தப்பா (8.43)
அக்கா, நாளை நான் ஒருவன் மட்டும் வந்து உன்னை மாற்றிவிடுகிறேன். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன்.