வெர்டிக்கியோ ஒயின் கசக்கிறது: புட்டி கெட்டுவிட்டதா?

ஜெலுத்தோங் வாசி:
அனைவருக்கும் வணக்கம். இத்தாலி சென்று திரும்பிய என் மருமகன் வெர்டிக்கியோ என்னும் வெள்ளை ஒயின் இரண்டு புட்டிகள் வாங்கி வந்தார். ஒன்றை இரண்டு நாள் குளிர்பெட்டியில் வைத்திருந்து, ஞாயிறு மதியம் காரம் தூக்கலாக வைத்த மீன் குழம்போடு பரிமாறினோம். முதல் மடக்கில் புளிப்பைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. விழுங்கிய பிறகோ பாகற்காயைக் கடித்தாற்போல் ஒரு கசப்பு நாக்கில் நின்றுகொண்டது. புட்டி கெட்டுவிட்டதா, நாங்கள் குடித்த விதம்தான் பிழையா?

பாயான் லெப்பாஸ் வாசகன்:
கெடவில்லை ஐயா. வெர்டிக்கியோ, ஆட்ரியாட்டிக் கடலை ஒட்டிய மார்க்கே மாநிலத்தின் திராட்சை. பழுத்த பின்னும் பச்சைச் சாயல் மாறாததால், பச்சையைக் குறிக்கும் 'வெர்தே' என்ற சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. புளிப்பு அதன் பிறவிக் குணம். கடைசியில் வரும் கசப்பை வாதுமைப் பருப்பின் தோலுக்கு ஒப்பிடுவார்கள். அதற்காகவே தேடி வாங்குகிறவர்களும் உண்டு. அது பாகற்காயானதற்கு மிகுந்த குளிர் ஒரு காரணம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே ஊற்றினால் வாசனை அடங்கிப்போய், புளிப்பும் கசப்பும்தான் முன்னே நிற்கும். கால் மணி நேரம் வெளியே வைத்து, 10 டிகிரி அளவில் குடித்துப் பாருங்கள். எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும், கவனித்தால் லேசாகச் சோம்பும் மணக்கும். நம் ஊர் வெக்கையில் கோப்பை விரைவில் சூடேறிவிடும் என்பதால் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றுவது நல்லது.

பட்டர்வொர்த் அக்கா:
குளிரைவிடக் காரத்தைத்தான் நான் குறை சொல்வேன். மிளகாயின் எரிச்சலை மது கூட்டிவிடும்; கசப்பும் அதோடு சேர்ந்து முரடாகும். புளியின் மேல் பழி போட வேண்டாம், ஏனெனில் உணவில் புளிப்பு இருக்கும்போது ஒயினின் புளிப்பு நாவுக்குத் தணிந்தே தெரியும். மார்க்கேயின் அங்கோனா துறைமுகத்தில் பலவகை மீன்களைத் தக்காளியும் வினிகரும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் 'புரோதெத்தோ' என்ற குழம்போடு இந்த ஒயினையே பரிமாறுகிறார்கள். நான் வவ்வால் மீனை மஞ்சள், உப்பு, மிளகு மட்டும் தடவிப் பொரித்து, லீமாவ் கஸ்தூரி என்ற சிறு எலுமிச்சையைப் பிழிந்து இதனோடு சாப்பிட்டிருக்கிறேன். மீனின் எண்ணெய்ப் பிசுக்கை ஒவ்வொரு மடக்கும் துடைத்துவிட்டது.

தஞ்சோங் பூங்கா நண்பர்:
திறப்பதற்கு முன், புட்டியின் மேல் ஒட்டிய சிட்டையில் எந்த ஊர் என்று பாருங்கள். யேசி ஊரைச் சுற்றிய குன்றுகளின் ஒயின் கடற்பக்கத்தது. மாத்தேலிகாவோ மலைகள் கடலை மறைக்கும் உள்நாட்டுப் பள்ளத்தாக்கு; இரவுக் குளிர் அங்கே கடுமை, அதனால் புளிப்பும் சற்றுக் கூர்மை. 'ரிசெர்வா' என்றிருந்தால் குறைந்தது 18 மாதம் முதிர்ந்தது. அதை அவ்வளவு குளிர வைக்காமல் 12 டிகிரியில் குடிக்கலாம். நல்ல வெர்டிக்கியோ பல ஆண்டுகள் தாங்கும், ஆனால் பினாங்கு வீட்டு அலமாரியில் அல்ல. ஒயினுக்கென்று தனிக் குளிர்பெட்டி இல்லையென்றால் ஆசைப்பட்டுச் சேர்த்து வைக்காதீர்கள்.

ஜெலுத்தோங் வாசி:
மூவருக்கும் நன்றி. சிட்டையில் மாத்தேலிகா என்றுதான் இருக்கிறது, ரிசெர்வா இல்லை. வரும் சனிக்கிழமை மருமகன் வரும்போது திறக்கிறோம். அக்கா, வவ்வால் மீனுக்குப் பூண்டு அரைத்துச் சேர்க்கலாமா?