கானாடுகாத்தான் பழைய வீட்டில் ஒரு ராத்திரி: முழங்கால் வலியோடு அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

பொன்மேனிக்காரன்:
வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வருகிற மாசியில் 70 முடிகிறது. விழா எதுவும் வேண்டாம் என்றவர், கேட்டுக் கேட்டு ஒரே ஒரு ஆசையைச் சொன்னார்: செட்டிநாட்டு அரண்மனையில் ஒரு ராத்திரி தங்க வேண்டுமாம். வேலை பார்த்த காலத்தில் காரைக்குடிப் பக்கம் ஜவுளி லோடு இறக்கப் போவார். அந்த வீடுகளைத் தெருவில் நின்று பார்த்ததோடு சரி, உள்ளே போனதில்லை.

சிக்கல் என்னவென்றால், அவருக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். படி ஏறினால் அன்று தூக்கம் போச்சு. ராத்திரி பாத்ரூமுக்கும் எழுந்திருப்பார். ஓர் ஓட்டலுக்கு போன் போட்டேன். "எல்லா ரூமும் ஏசி, அட்டாச்டு பாத்ரூம் சார்" என்பதைத் தாண்டிப் பதில் வரவில்லை. படங்களில் தூணும் கதவும்தான் தெரிகின்றன. என்ன கேட்க வேண்டும், எந்த அறையைக் கேட்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டையூர் மருமகள்:
தம்பி, முதலில் ஒரு விஷயம். காரைக்குடிப் பக்கத்துக் கானாடுகாத்தானில் எல்லோரும் நின்று படம் எடுக்கும் செட்டிநாடு அரண்மனை, ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1912-ல் கட்டி முடித்தது, அது ஓட்டல் இல்லை. நீங்கள் தங்கப்போவது அந்த ஊரிலோ பக்கத்திலோ ஓட்டலாக மாற்றிய வேறொரு நகரத்தார் (செட்டியார்) வீட்டில். அப்பாவிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். வாசலில் போய் இறங்கிய பிறகு அவர் முகம் வாடக் கூடாது.

நான் வாழ்க்கைப்பட்டது இப்படி ஒரு வீட்டில். தெருவிலிருந்து திண்ணைக்கே நல்ல உயரம். அப்புறம் முகப்பு, வளவு (நடுவில் வானம் பார்த்த முற்றம்), இரண்டாங்கட்டு (அதற்குப் பின்னால் உள்ள அடுத்த கட்டு), அடுப்படி என்று போய், பெரிய வீடாக இருந்தால் அடுத்த தெருவில்தான் முடியும். வளவைச் சுற்றி இருக்கும் அறைகள் படுக்கையறையாக நினைத்துக் கட்டியவை அல்ல. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. சீர் சாமான், பாத்திரம், பெட்டி எல்லாம் அதற்குள் இருக்கும். வீட்டு ஆட்கள் பெரும்பாலும் வெளியே, காற்றாடப் பாய் விரித்துப் படுத்தார்கள். அதனால் அறை சின்னது, சன்னல் குறைவு. நிலைப்படி உயரம், தலைக்கு மேலே நிலை தாழ்வு. தலையைக் குனிந்துகொண்டே காலைத் தூக்கி வைக்க வேண்டும். மாடிப்படியைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், இதை யாரும் கேட்பதில்லை. முழங்கால் வலிக்காரருக்கு ராத்திரியில் இதுதான் கஷ்டம்.

அறையோடு சேர்ந்த குளியலறை எல்லாம் பின்னால் வந்தது. கழிவுக் குழாய் போக இடம் வேண்டுமே! பழைய தரையை உடைக்க மனசு வராமல் அதன் மேலேயே உயர்த்திக் கட்டியிருப்பார்கள். அதனால் பாத்ரூம் வாசலில் ஒரு படி இருக்க வாய்ப்பு அதிகம். "கட்டிலிலிருந்து எழுந்து பாத்ரூம் வரை நடந்துகொண்டே ஒரு வீடியோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். நல்ல இடமாக இருந்தால் அனுப்புவார்கள்.

தரையையும் கவனியுங்கள். ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் பூ ஓடு) கண்ணாடி மேல் வார்த்து எடுப்பது, சூளையில் சுடுவதில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்து மெருகு ஏறியிருக்கும். பார்க்க முகம் தெரியும். ஈரக்கால் வைத்தால் வழுக்கும். பாத்ரூம் வாசலில் கனமான மிதியடி போடச் சொல்லுங்கள், சாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

மேலமாசி வீதி:
அக்கா சொன்னது சரி. என் யோசனை: பகலில் ஆத்தங்குடியில் 'பெரிய வீடு' என்று சொல்லும் பழைய வீட்டைக் கட்டணம் கட்டிப் பார்த்துவிட்டு, ராத்திரி மதுரைக்கே திரும்பிவிடலாமே? இரண்டு மணி நேரப் பயணம்தான்.

தங்கியே ஆக வேண்டும் என்றால் 1930-களில் கட்டிய வீடுகளைப் பாருங்கள். கானாடுகாத்தானில் விசாலம் என்ற ஓட்டல் அந்தக் காலத்து ஆர்ட் டெக்கோ (அப்போதைய மேல்நாட்டுப் பாணி) வீடு, ஒரு தகப்பனார் மகளுக்காகக் கட்டியது. அறைகள் தாராளம். ஆனால் தரைத்தள அறை என்று பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.

பொன்மேனிக்காரன்:
நன்றி அண்ணே. பார்த்துவிட்டுத் திரும்புவது அவருக்குப் போதாது. காலையில் அந்த வளவில் வெயில் இறங்கும்போது உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும் என்கிறார். இதைச் செய்து கொடுத்தே ஆக வேண்டும்.

மாட்டுத்தாவணி டிரைவர்:
சார், அந்தப் பக்கம் அடிக்கடி சவாரி போகிறவன். முன்வாசலில் இறக்காதீர்கள். பின்பக்கத் தெருவில் கதவு இருக்கிறதா, அங்கே படி குறைவா என்று கேளுங்கள். சில வீடுகளில் அடுப்படிப் பக்கம் வண்டி நிறுத்தினால் வயதானவர்கள் சிரமம் இல்லாமல் உள்ளே போய்விடலாம். முன்வாசல் அழகை மறுநாள் காலை நிதானமாகப் பார்க்கட்டும்.

மேலூர், திருப்பத்தூர் வழியாகப் போனால் பிள்ளையார்பட்டி வழியிலேயே வரும். குடைவரைக் கோயில், மலை ஏற வேண்டாம், கற்பக விநாயகரை அப்பா தாராளமாகச் சேவிக்கலாம். குன்றக்குடி முருகனுக்குப் படி ஏற வேண்டும், அதை விடுங்கள். திருமயம் போனாலும் கோட்டைக்கு மேலே ஏற்றாதீர்கள். அடிவாரத்தில் பெருமாள் கோயிலும் சிவன் கோயிலும் இருக்கின்றன, அது போதும்.

பொன்மேனிக்காரன்:
வேறோர் ஓட்டலில் பேசினேன். வீடியோ கேட்டதும் மேனேஜர் அம்மா அரை மணி நேரத்தில் அனுப்பினார்கள். இரண்டாங்கட்டை ஒட்டிய தரைத்தள அறை. நிலைப்படி முக்கால் அடி இருக்கும். பாத்ரூமுக்கு ஒரு படி, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. படிக்குப் பக்கத்தில் அசையாத கனமான மர நாற்காலி போடுகிறேன், நிலைப்படிக்கு இரண்டு பக்கமும் பலகை வைக்கிறேன் என்றார்கள். பின்வாசல் கதவையும் திறந்து வைப்பார்களாம். முன்பணம் கட்டிவிட்டேன். இன்னும் ஏதாவது விட்டுப்போயிற்றா?

கோட்டையூர் மருமகள்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. பலகை ஆடாமல் இருக்கிறதா என்று நீங்கள் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு அப்பாவை விடுங்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும். பழைய வீட்டில் சுவிட்ச் எங்கே இருக்கும் என்று தெரியாது, அதனால் டார்ச்சும் தலைமாட்டில் இருக்கட்டும்.

சாப்பாட்டை முந்தின நாளே சொல்லிவிடுங்கள், ஆள் கணக்கு பார்த்துத்தான் சமைப்பார்கள். மதியம் இலைச் சாப்பாடு கனமாக இருக்கும். ராத்திரிக்கு இடியாப்பமோ இட்லியோ போதும், ஏழரைக்குள் கேளுங்கள். காலையில் வெள்ளைப் பணியாரம் கேட்கலாம், கூட மிளகாய்த் துவையல் வரும், அப்பாவுக்குக் காரம் ஆகாது என்றால் தேங்காய்ச் சட்னி சொல்லிவிடுங்கள். காபியை வளவுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். ஊஞ்சலில் உட்கார வைக்காதீர்கள், எழுந்திருக்கும்போது முழங்கால் தாங்காது. கை வைத்த நாற்காலியாக ஒன்று தூணோரம் போடச் சொல்லுங்கள்.