ஒன்டாரியோ ஏரி மீனில் பிசிபி: தாய்வழியா, இரைவழியா?

கேள்வி: அமெரிக்காவில் பிசிபி (மின்சாதனங்களில் பயன்பட்ட, எளிதில் சிதையாத குளோரின் நஞ்சு) உற்பத்திக்கு 1979-இல் தடை வந்தது. அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள ஒன்டாரியோ ஏரியில் இன்று பிடிபடும் லேக் ட்ரவுட் (பிற மீன்களைத் தின்னும் பெரிய மீன்) அதற்குப் பல தலைமுறை பிந்தியவை. அவற்றில் பிசிபி அளவு குறைந்திருக்கிறது, ஆனால் அற்றுப்போகவில்லை. தாய் மீன் முட்டை வழியே கடத்துவதுதான் காரணமா?

பதில் 1: பெரும்பங்கு இரைவழிதான். முட்டையில் மஞ்சள்கரு சேரும்போது தாயின் கொழுப்போடு பிசிபியும் போகிறது, உண்மை. ஆனால் 0.1 கிராம் குஞ்சு 3 கிலோ மீனாகும்போது அந்தப் பங்கு 30,000 மடங்கு நீர்த்துவிடும். அடிவண்டலில் தங்கிய பிசிபி, புழு, மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிர்), ஸ்கல்பின் (ஏரியடிச் சிறு மீன்) வழியாக ஏறி ஒவ்வொரு தலைமுறையையும் புதிதாக நிரப்புகிறது. பிசிபியில் குளோரின் அதிகமுள்ள வகைகளை மீனின் ஈரலால் உடைக்கவும் முடியாது. ஆண்டுகளை ஒப்பிடுவதானால் ஒரே வயது மீன்களை எடுங்கள், கொழுப்புச் சதவீதத்தையும் பாருங்கள். கொழுத்த மீன் ஒன்று வந்தாலே கணக்கு தவறிவிடும்.

பதில் 2: அளவு சொற்பம் என்று தாய்வழியை ஒதுக்கக் கூடாது. பிசிபியோடு சேர்ந்தே வரும் டயாக்சின் என்ற இன்னொரு குளோரின் நஞ்சைப் பாருங்கள். அதில் டிசிடிடி என்ற வகை, ஒரு கிராம் முட்டையில் சுமார் 65 பிகோகிராம் (ஒரு பிகோகிராம் என்பது கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) இருந்தாலே லேக் ட்ரவுட் குஞ்சுகளில் பாதி செத்துவிடும். மஞ்சள்கருப் பையில் நீர் கோத்து, இரத்தம் கசிந்து, நீந்தத் தொடங்கும் முன்பே போய்விடும். வளர்ந்த பிறகு நீர்த்துப்போவதால் அந்தக் குஞ்சுக்கு என்ன பயன்? ஒன்று கவனியுங்கள்: ஏல்வைஃப் என்ற சிறு மீனை அதிகம் தின்ற தாய்க்குத் தயமின் (வைட்டமின் பி1) குறைந்தாலும் குஞ்சு சாகும். தயமின் கரைசலில் விட்டுப் பாருங்கள். தேறினால் வைட்டமின் குறைதான் காரணம். டயாக்சின் பாதிப்பு அதற்கு மசியாது.

பதில் 3: தலைமுறை தலைமுறையாக மீனே மாறுவதற்கு, நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஆற்றிலுள்ள டாம்காட் என்ற சிறு மீன்தான் தெளிவான சான்று. 1947 முதல் 1977 வரை ஜெனரல் எலெக்ட்ரிக்கின் இரண்டு கெப்பாசிட்டர் ஆலைகள் அந்த ஆற்றில் பிசிபியைக் கொட்டின. அங்குள்ள டாம்காட்டில் ஏஎச்ஆர்2 ஏற்பிப் புரதம் இரண்டு அமினோ அமிலம் குறைவாக உள்ளது. அதனால் நஞ்சு அதில் சரியாக ஒட்டுவதில்லை, மீன் பிழைக்கிறது. கவலை இங்கேதான்: உடலில் நஞ்சு அப்படியே இருக்க, அதைத் தின்னும் பெரிய மீனுக்கு முழுதும் போய்ச் சேர்கிறது.

கேள்வி கேட்டவர்: நன்றி. சமைப்பவர்களுக்கு என்ன சொல்லலாம்?

பதில் 1: தோல், வயிற்றுக் கொழுப்பு, முதுகுவரிக் கொழுப்பு, பக்கவாட்டிலுள்ள கருஞ்சதை எல்லாவற்றையும் வெட்டி எறியச் சொல்லுங்கள். கொழுப்பு வடியும்படி கம்பி மேல் சுடட்டும். குழம்பு வைத்தால் அது சாற்றிலேயே தங்கும். இதனால் பிசிபி குறையும், முழுதும் போகாது. பாதரசம் சதையில் இருப்பதால் அதற்கு இந்த வழி உதவாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாண அரசின் மீன் வழிகாட்டி இனம், இடம், நீளம் வாரியாக மாதத்துக்கு எத்தனை வேளை என்று சொல்கிறது. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அதில் தனி அளவு உண்டு.