புதுப்பிப்பு: வொண்டர்லாவுக்கு 9 பேர், தங்கினது எங்கே?

போன மாசம் கேட்டிருந்தேனே, பெங்களூரு வொண்டர்லா தீம் பார்க்குக்கு 9 பேர் போறோம், பார்க்கை ஒட்டின ரிசார்ட்டா, வெளியே வீடான்னு. போயிட்டு வந்தாச்சு.

ரிசார்ட்னா 3 ரூம் வேணும். கணக்குப் போட்டதும் அப்பா முகமே மாறிடுச்சு. கடைசியில பார்க்குக்குப் பக்கத்து ஊர் பிடதி, அங்கே ஒரு வீடு எடுத்தோம், ஏறக்குறைய பாதிச் செலவு. எக்ஸ்ட்ரா மெத்தைன்னு போட்டிருந்தாங்க. வந்தது ஒரு ஜமுக்காளம்! சித்தப்பா அதிலேயே குறட்டை விட்டார்.

காலையில பிடதி தட்டு இட்லி, மேல வெண்ணெய் உருகி வழியுது. அதுக்காகவே இன்னொரு தடவை போகலாம்.

ஒரே குறை, மத்தியானம் பாட்டி தலை சாய்க்க பக்கத்துல ரூம் இல்ல. பெஞ்சுலயே உட்கார்ந்து எங்க பைகளுக்குக் காவல். தண்ணியில இறங்க நைலான் துணி எடுத்துட்டுப் போங்க, காட்டன்னா விடமாட்டாங்க.