கூட்டை மூடினால் நெடி, திறந்தால் குளிர்: கோழிகளுக்கு என்ன செய்வது?

கேள்வி (லெனேசியா):
வணக்கம். ஜொகன்னஸ்பர்க் பக்கம் இருக்கிறேன். கொல்லைப்புறத்தில் பத்து பாட்செஃப்ஸ்ட்ரூம் கூக்கூக் இனக் கோழிகள், மரச்சட்டத்தில் தகரம் அடித்த கூடு. போன வாரம் விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உறைபனி. பயந்துபோய் வலைச் சன்னலைப் படுதாவால் முழுக்க மூடிவிட்டேன். இப்போது காலையில் கதவைத் திறந்தால் கண் எரிகிறது. கூரைத் தகரத்தின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்துக் கோழிகளின் முதுகில் சொட்டுகிறது. இரண்டு தும்முகின்றன. ஒரு சேவலின் கொண்டை நுனி கறுத்திருக்கிறது. படுதாவை எடுத்தாலோ ஊதல் காற்று நேரே அடிக்கிறது. சூட்டு விளக்கு வாங்கலாமா?

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
விளக்கு வேண்டாம் தம்பி. தரையில் பரப்பிய காய்ந்த மரச் சீவலில் விழுந்தால் கூடே எரிந்துவிடும். கோழியின் உடல் சூடு 41 டிகிரி. இறகு உலர்ந்திருந்தால் உறைபனி ராத்திரியையும் தாங்கிவிடும். ஈரம்தான் அதற்கு எமன். எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர், மூச்சிலும் ஈரம். போக வழியில்லாமல் அதுதான் தகரத்தில் பட்டுச் சொட்டுகிறது. கண் எரிச்சல் எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா. சன்னல் எந்தப் பக்கம்? கோழிகள் அடையும் கட்டை எந்த உயரம்?

கேட்டவர்:
சன்னல் தெற்கே, அக்கா. தெற்கே வைத்தால் குளிர்காலத்தில் வெயில் விழும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். கட்டை சன்னல் மட்டத்தில்தான்.

பதில் (பெனோனி):
அது வடகோளத்துக்குச் சொன்னது! நமக்குக் குளிர்கால வெயில் வடக்கேயிருந்து வரும். தெற்கே இருந்து வருவது குளிர்காற்றுதான். தெற்குச் சன்னலைப் பலகையால் அடைத்துவிடுங்கள். வடக்குச் சுவரில் கூரையை ஒட்டி ஒரு சாண் உயரத்துக்கு நீளமாகத் திறந்து, எலி நுழையாத சின்னக் கண் வலை அடியுங்கள். ராத்திரியும் அதை மூடக்கூடாது. கட்டையை அந்தத் திறப்புக்கு ஒன்றரை அடியாவது கீழே இறக்குங்கள். அப்புறம் ராத்திரி ஓர் ஊதுபத்தியைக் கோழித் தலை மட்டத்தில் பிடித்துப் பாருங்கள், சீவலில் நெருப்பு விழாமல். புகை மெல்ல மேலே ஏறி வெளியே போனால் சரி. பக்கவாட்டில் இழுத்தால் எங்கோ சந்து இருக்கிறது.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
கட்டை உருண்டைக் குழாயாக இருந்தால் மாற்றிவிடு தம்பி. நாலு அங்குல அகலப் பலகையைத் தட்டையாக வைத்தால் விரல்கள் வயிற்று இறகுக்குள் அடங்கும். நனைந்த சீவலை இன்றே அள்ளிவிடு. கறுத்த கொண்டையைத் தேய்க்காதே. பச்சையாகக் கழிந்தாலோ கழுத்து முறுக்கினாலோ அது குளிர் இல்லை, கழிச்சல் நோயாக இருக்கலாம். ஒரு நாளும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடு.

கேட்டவர் (பத்து நாள் கழித்து):
தெற்கை அடைத்து வடக்கைத் திறந்தேன். முதல் ராத்திரி புகை பக்கவாட்டில் ஓடியது. பார்த்தால் கதவின் அடியில் இரண்டு விரல் சந்து. பலகை அடித்த பிறகு நேரே மேலே போகிறது. இன்று காலையும் உறைபனி, ஆனால் தகரத்தைத் தடவினேன், கை நனையவில்லை. கண்ணும் எரியவில்லை. எச்சம் வழக்கம்போலத்தான் இருக்கிறது. ஒரு கோழி மட்டும் இன்னும் தும்முகிறது. தனியே வைத்திருக்கிறேன், நாளைக்கு மருத்துவர் வருகிறார். இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.