ஆர்பிட்டாலுக்கு ‘நிலவம்’: ஒரு முன்மொழிவு

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

அணுவில் எலக்ட்ரான் இருக்க வாய்ப்புள்ள பகுதியைக் குறிக்கும் ஆர்பிட்டால் (orbital) என்ற சொல் பழகிவிட்டதே, அதற்கு இனித் தமிழ்ச்சொல் எதற்கு என்று சென்ற வாரம் இங்கே ஒரு கேள்வி எழுந்தது. குடியாத்தத்தை அடுத்த ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு வேதியியல் கற்பிக்கும் நான், அதற்கான விடையை ஒரு விடைத்தாளிலேயே கண்டேன். “எலக்ட்ரான் அணுக்கருவை ஆர்பிட்டால் சுற்றி வருகிறது” என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன். “கயிற்றால் கட்டினான் என்கிற மாதிரிதானே டீச்சர்?” என்றாள். ஒன்பதாம் வகுப்பில் எலக்ட்ரானின் வட்டப்பாதையை ஆர்பிட் என்று படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு, அதன் ஈற்றில் ‘ஆல்’ சேர்ந்தால் அது மூன்றாம் வேற்றுமையாகத்தான் காதில் விழும். அவளுடைய இலக்கண அறிவில் குறையில்லை. நாம் கொடுத்த சொல்தான் அவளைத் தவறான வழியில் அனுப்பியது. ஒலிபெயர்ப்பை நான் வெறுப்பவள் அல்லள். எலக்ட்ரான், குவாண்டம் ஆகிய சொற்களை மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒலிபெயர்த்த சொல்லே தமிழ் இலக்கணத்தோடு மோதிப் பொருளைத் திரிக்கும்போது, அதை அப்படியே விட்டுவைப்பது மாணவர்களுக்குச் செய்யும் தீங்கு என்றே கருதுகிறேன்.

இந்தச் சொல் பிறந்த கதையும் நம் சிக்கலைப் புரிந்துகொள்ள உதவும். 1913இல் நீல்ஸ் போர், எலக்ட்ரான் குறிப்பிட்ட ஆரமுடைய வட்டப்பாதையில் சுற்றுகிறது என்றார். 1926இல் ஷ்ரோடிங்கர் எழுதிய அலைச் சமன்பாட்டில் பாதை என்ற ஒன்றே இல்லை. எலக்ட்ரானின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய முடியாது என்று மறு ஆண்டு வந்த ஹைசன்பர்க்கின் நிச்சயமின்மைக் கோட்பாட்டுக்குப் பிறகு அதைத் தேடவும் இடமில்லாமல் போயிற்று. பாதை போன பிறகும் அதன் இடத்தில் வந்த, எலக்ட்ரானின் நிலையைச் சொல்லும் கணிதக் கோவையான அலைச்சார்புக்கு ஒரு பெயர் தேவைப்பட்டதால், 1932இல் முல்லிக்கன் பழைய சொல்லையே சற்று நீட்டி ஆர்பிட்டால் என்று வைத்தார். ஆங்கிலத்தில் அந்த நீட்டல் ‘பாதையைப் போன்றது, ஆனால் பாதை அன்று’ என்று உணர்த்துகிறது. தமிழில் அது வேற்றுமை உருபாகிவிடுகிறது.

இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘சுற்றுப்பாதை’யை நான் ஏற்க இயலாது. காவலூர் வானாய்வகத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்று, 2.34 மீட்டர் தொலைநோக்கியின் அடியில் நின்று கோள்களைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல் பொருந்துகிறது. கோள் எங்கே இருக்கிறது, நாளை எங்கே இருக்கும் என்று சொல்ல முடிவதால் அதற்குப் பாதை உண்டு. ‘உலவகம்’ அழகான சொல்தான் என்றாலும், உலவுதல் என்றதும் ஓர் ஆள் இங்கிருந்து அங்கே நடப்பது மனத்தில் தோன்றிவிடுகிறது. நாம் வெளியேற்ற நினைத்த பாதை அந்தச் சொல்லுக்குள் மறைந்தே இருக்கிறது. ‘இருக்கை’ என்ற பரிந்துரை, சம ஆற்றலுள்ள ஆர்பிட்டால்களில் எலக்ட்ரான்கள் முதலில் தனித்தனியே நிரம்பும் என்ற ஹுண்ட் விதிக்கு நாம் எல்லோரும் சொல்லும் பேருந்து உவமையிலிருந்து வந்திருக்க வேண்டும். காலியான இருக்கைகள் இருக்கும்வரை யாரும் இன்னொருவர் பக்கத்தில் போய் உட்கார்வதில்லை என்று நானும் வகுப்பில் சொல்வதுண்டு. அந்த ஒரு விதிக்கு அது போதும். பெயராகவே வைத்துவிட்டால் அணுக்குள் பலகை அடித்துப் போட்டிருப்பதாகப் பிள்ளைகள் எண்ணிக்கொள்வார்கள்.

என்னுடைய பரிந்துரை ‘நிலவம்’. நிலவுதல் என்ற வினையை நாம் எங்கே பயன்படுத்துகிறோம் என்று பாருங்கள். அமைதி நிலவுகிறது, வறட்சி நிலவுகிறது என்கிறோம். அக்கினி நட்சத்திர நாள்களில் வேலூரில் நாற்பது டிகிரிக்கு மேல் வெப்பம் நிலவியதாக வானொலியில் கேட்கிறோம். அந்த வெப்பம் எந்தத் தெரு வழியாக வந்தது, இப்போது கோட்டை அகழிப் பக்கம் இருக்கிறதா, சத்துவாச்சாரியில் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஊர் முழுவதும் இருக்கிறது. பாறையடியில் கூடுதலாகவும் மர நிழலில் குறைவாகவும் இருக்கிறது. ஊர் எல்லையில் சுவர் வைத்தாற்போல முடிந்துவிடுவதும் இல்லை. ஓரிடத்தில் செறிந்தும் ஓரிடத்தில் மெலிந்தும், பாதை இல்லாமலும் விளிம்பு இல்லாமலும் இருப்பதைச் சொல்ல நம்மிடம் ஏற்கெனவே ஒரு வினை இருக்கிறது. நோக்கு நோக்கமாகவும் விளக்கு விளக்கமாகவும் ஆவதுபோல நிலவு நிலவமாகும். இந்த உவமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. அளந்து பார்க்கும்போது எலக்ட்ரான் ஓரிடத்தில் முழுமையாகவே அகப்படும், வெப்பத்தைப் போலப் பகுதி பகுதியாக அன்று. ஆகவே எலக்ட்ரான் அகப்படுவதற்கான வாய்ப்பே நிலவுகிறது என்று ஆசிரியர் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் ‘நிலவகம்’ என்றே எழுதிப் பார்த்தேன். பிறகு ‘அகம்’ உறுத்தியது. நூலகம், மருந்தகம் என்ற பழக்கத்தில் அது சுவரும் கதவும் கொண்ட ஓரிடமாகிவிடுகிறது. பாடநூலில் வரையப்படும் கோளமும் ‘8’ போன்ற வடிவமும் ஏறத்தாழ 90 விழுக்காடு நிகழ்தகவை உள்ளடக்குமாறு நாம் போட்டுக்கொண்ட கோடுகளே தவிர, அணு தானே எழுப்பிய மதில் அல்ல. ஹைட்ரஜனையே எடுத்துக்கொள்வோம். போர் சொன்ன ஆரம் 0.529 ஆங்ஸ்ட்ராம். ஷ்ரோடிங்கரின் கணக்கிலும், எலக்ட்ரான் இருக்க மிகுந்த வாய்ப்புள்ள தொலைவு அதுவேதான். ஆனால் அந்த ஆரத்துக்கு உள்ளே எலக்ட்ரான் இருக்கும் நிகழ்தகவு ஏறத்தாழ 32 விழுக்காடு, மிகுதி வெளியே. இதைக் கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டும் நாளில்தான் வட்டப்பாதை பிள்ளைகளின் மனத்தை விட்டு உண்மையாகவே அகல்கிறது.

எஸ், பி, டி என்று வகைப்படுத்தும் நிலவங்களில் பி வகைக்கு வரும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரே கேள்வி எழும்: ‘8’ போன்ற வடிவத்தின் நடுவில் எலக்ட்ரான் இருக்கவே முடியாது என்றால், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு அது எப்படித் தாண்டுகிறது? சென்ற ஆண்டு இதற்காகவே ஒரு தாம்புக் கயிற்றை வகுப்புக்கு எடுத்துப் போனேன். இரண்டு மாணவர்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு முதலில் மெதுவாக ஆட்டினார்கள். கயிறு ஒரே வளைவாக எழுந்து தாழ்ந்தது. வேகத்தைக் கூட்டச் சொன்னதும் ஒரு கட்டத்தில் கயிறு இரண்டு வளைவுகளாகப் பிரிந்து, நடுவில் ஒரு புள்ளி மட்டும் அசையாமல் நின்றது. “கணு!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கரும்பிலும் மூங்கிலிலும் பார்த்த சொல் என்பதால் அதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆட்டம் இந்தப் பாதியிலிருந்து அந்தப் பாதிக்கு எப்படித் தாண்டியது என்று கேட்டேன். “தாண்டலையே டீச்சர், ரெண்டு பக்கமும் சேர்ந்துதான் ஆடுது” என்றான் கயிற்றைப் பிடித்திருந்தவன். எலக்ட்ரான் பி நிலவத்தில் இரு பக்கமும் சேர்ந்தே நிலவுகிறது என்று நான் முதன்முதலாக அந்தச் சொல்லைச் சொன்னது அப்போதுதான். அதன் பிறகு தாண்டும் கேள்வியை யாரும் எழுப்பவில்லை.

நிலவம் என்றால் சந்திரன் நினைவுக்கு வருமே என்று ஓர் அன்பர் தனிமடலில் எழுதினார். நிலவரம் என்ற சொல்லை நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கிறோம். யாரும் வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை.

கூட்டுச்சொற்களில் வைத்துப் பார்த்தால்தான் ஒரு கலைச்சொல் தாங்குமா என்பது தெரியும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருடைய பெற்றோர் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளில் வேலை செய்கிறார்கள். குரோம் உப்பில் ஊறிய தோல் நீலம் பூத்து வெளிவருவதையும், அதை ‘வெட் புளூ’ என்று அழைப்பதையும் அவர்கள் அறிவார்கள். அந்த நீலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என்னால் இப்போது இப்படிச் சொல்ல முடிகிறது: அணு எண் 24 கொண்ட குரோமியத்தில் ஐந்து 3டி நிலவங்களிலும் ஆளுக்கொன்றாக ஐந்து எலக்ட்ரான்களும், 4எஸ் நிலவத்தில் ஓர் எலக்ட்ரானும் உள்ளன. மூன்று எலக்ட்ரான்களை இழந்து அது மும்மை நேர்மின் அயனியாகும்போது டி நிலவங்களில் மூன்று எலக்ட்ரான்கள் எஞ்சுகின்றன. சுற்றியுள்ள ஆறு அணுக்களின் தாக்கத்தால் ஐந்து டி நிலவங்களும் ஆற்றலில் கீழே மூன்றும் மேலே இரண்டுமாகப் பிரிய, கீழுள்ள எலக்ட்ரான் ஒளியின் ஒரு பகுதியை உட்கொண்டு மேலே ஏறுகிறது; உட்கொள்ளாமல் விட்ட மிச்ச ஒளியே தோலில் நீலமாகத் தெரிகிறது. இந்த விளக்கத்தில் எந்த வேற்றுமை உருபும் சொல்லோடு மோதவில்லை. நிலவத்தில், நிலவத்தால், நிலவங்களுக்கு என்று தடையின்றி வருகிறது.

மற்றவை எளியவை. நிரம்பிய நிலவம், பாதி நிரம்பிய நிலவம், வெற்று நிலவம், இனக்கலப்பு நிலவம், மூலக்கூறு நிலவம், பிணைப்பு நிலவம் என்று எழுதலாம். கூடு, துணைக்கூடு ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம். கூடு என்பது உருண்டை ஓடு அன்று, ஒரே முதன்மைக் குவாண்டம் எண்ணுடைய நிலவங்களின் தொகுதி என்று வரையறுத்துவிட்டால் போதும். ஈழத்து அன்பர்கள் ‘இலத்திரன் நிலையமைப்பு’ என்று எழுதுவது நம்முடைய ‘எலக்ட்ரான் அமைப்பு’ என்பதைவிடச் செறிவானது என்பது என் கருத்து; நிலையும் நிலவமும் ஒரே வேரில் நிற்பதால் இரண்டும் அருகருகே நன்றாகவே ஒலிக்கின்றன.

ஒன்றில் மட்டும் எனக்கு இன்னும் நிறைவில்லை. பாடநூலில் உள்ள ‘எதிர்பிணைப்பு’ என்ற முன்னொட்டோடு ‘எதிர்பிணைப்பு நிலவம்’ என்று எழுதினால், எதிரே உள்ள பிணைப்பு என்று மாணவர்கள் பொருள் கொள்கிறார்கள். பிணைப்பைத் தளர்த்துவது என்ற பொருளில் ‘பிணைப்புத் தளர் நிலவம்’ என்று எழுதிப் பார்த்தேன், நீளமாக இருக்கிறது. இதைவிடச் சுருக்கமான வடிவம் தோன்றுபவர்கள், ஆக்சிஜன் மூலக்கூறின் ஆற்றல் வரிசையில் அதை இட்டு எழுதிக் காட்டுங்கள். அடுத்த பாடவேளையில் அதையே வகுப்பில் சொல்லிப் பார்க்கிறேன்.