எழுத்தாளரிடம் மதத்தையும் குடும்பத்தையும் பற்றி எவ்வாறு கேட்பது?

வெள்ளவத்தை வாசகன்:

அடுத்த மாதம் கொழும்பில் நடைபெறவுள்ள நாவல் வெளியீடொன்றில், வழமையான வாழ்த்துரைகளையும் நயவுரைகளையும் குறைத்து, நூலாசிரியருடன் மேடையில் உரையாடும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அவர் ஹட்டனுக்கு அண்மையில் ஒரு தோட்டத்தில் பிறந்து, திருமணத்தின் பின் கொட்டாஞ்சேனையில் குடியேறியவர். தாயார் கத்தோலிக்கர் என்பதையும், தகப்பனார் தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டியில் இருந்தவர் என்பதையும் முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார். நாவலின் குடும்பமும் ஏறத்தாழ அத்தகையதே. செவ்வாய்க்கிழமைகளில் தாய் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகும்போது, தகப்பன் மெழுகுதிரிக்குக் காசைக் கொடுத்துவிட்டு வெளியிலேயே நின்றுகொள்ளும் ஓர் இடம் அதில் வருகிறது.

நான் எழுதி வைத்திருக்கும் வினாக்கள் இவை: மலையகத் தமிழர் என்ற அடையாளம் உங்கள் எழுத்தில் எவ்வளவு இருக்கிறது? இரண்டு மதங்களுக்கு நடுவில் வளர்ந்த நீங்கள் எதை நம்புகிறீர்கள்? வீட்டார் நாவலை வாசித்துவிட்டு என்ன சொன்னார்கள்? உங்கள் ஊர் ஹட்டனா, கொழும்பா? திரும்ப வாசிக்கும்போது, குடிசன மதிப்பீட்டுக்கு வந்தவர் வாசலில் நின்று படிவம் நிரப்புவது போல எனக்கே தோன்றுகிறது. அதற்காக இவற்றைத் தொடாமல் விட்டால் நாவலின் உயிரையே தொடாமல் விட்டதாகிவிடும். நேர்காணல் செய்து பழகியவர்கள் வழி சொல்ல வேண்டும்.

சஞ்சிகைக்காரர்:

தம்பி, குடிசன மதிப்பீட்டை நீங்களே குறிப்பிட்டுவிட்டீர்கள். 2012ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், சோனகர் எனப்படும் முஸ்லிம்கள் என்று தமிழ் பேசுகிறவர்கள் வெவ்வேறு கட்டங்களுக்குள் பிரிந்து போனார்கள். கட்டத்துக்குரிய கேள்வியைக் கேட்டால், எவ்வளவு பெரிய எழுத்தாளரும் கட்டத்துக்குரிய பதிலைத்தான் தருவார். சபையும் கைதட்டிவிட்டுத் தேநீருக்கு எழுந்துவிடும்.

நீங்கள் சொன்ன அந்தோனியார் கோயில் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சைவர்களும் பௌத்தர்களும் செவ்வாய்தோறும் நெருக்கியடித்துக்கொண்டு போகும் கோயில் அது. ஆகவே, மதம் வேறு என்ற ஒரே காரணத்துக்காக அந்தத் தகப்பன் வெளியில் நின்றிருக்க முடியாது. வீம்பா, திருமணத்தின்போது யாரோ சொன்ன ஒரு சொல்லா, அல்லது மனைவிக்கென்று ஓர் இடத்தை விட்டுக்கொடுக்கும் பண்பா? "அவர் ஏன் உள்ளே போகவில்லை?" என்று மட்டும் கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். எதை நம்புகிறீர்கள் என்ற கேள்விக்குக் கிடைக்காத பதில் அதில் கிடைக்கும்.

மல்லிகை, ஞானம் ஆகிய இலக்கியச் சஞ்சிகைகளின் பழைய இதழ்கள் நூலகம் இணையத்தளத்தில் வாசிக்கக் கிடைக்கின்றன. அவற்றில் வந்த நேர்காணல்கள் சிலவற்றையாவது பார்த்துவிட்டு மேடையேறுங்கள். கேட்பவர் நூலை வாசித்தவரா, பின்னட்டையை மட்டும் வாசித்தவரா என்பது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

தெமட்டகொடை சகோதரி:

கேட்கப்படும் பக்கத்தில் இருக்கும் ஒரு முஸ்லிம் கவிஞர் என்ற முறையில் எழுதுகிறேன். 2019 ஏப்ரலுக்குப் பிறகு நான் கலந்துகொண்ட கூட்டங்களில் பெரும்பாலானவற்றில், என் கவிதை ஒன்றையேனும் வாசிக்கும் முன்னரே, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நான் எழுதுவது தையல் மெஷினைப் பற்றியும், மாமியின் பிடிவாதத்தைப் பற்றியும், நோன்பு காலத்து அடுப்படியைப் பற்றியும். அந்தக் கேள்வி கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது முதலாவதாக வரும்போது, அங்கே என்னை ஒரு சமூகத்தின் சார்பில் விளக்கம் கொடுக்கத்தான் அழைத்திருக்கிறார்கள் என்பது விளங்கிவிடுகிறது. அதன்பிறகு மனம் திறந்து எதையும் பேச வாய் வருவதில்லை.

குடும்பத்தைப் பற்றிய கேள்வி இதைவிடக் கடினமானது. "வாப்பா எதிர்த்தாரா?" என்று ஒலிவாங்கியில் கேட்கிறவருக்கு, என் உம்மா மூன்றாவது வரிசையில் அமர்ந்திருப்பது தெரியாது. இரவுக்குள் அந்தக் காணொளி பேஸ்புக்கில் ஏறிவிடும். மறுநாள் காலையில் சாச்சா அழைப்பெடுப்பார். ஆகவே, முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்டவர்களிடம் நான் அதிகமாகவே பேசியிருக்கிறேன்.

கொட்டாஞ்சேனைக்காரன்:

சகோதரியின் கடைசி யோசனையை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மரியாதை என்ற பெயரில் எல்லாவற்றையும் மூடி மறைக்கும் பழக்கமும் நம்மிடையே நிறைய உண்டு. டொமினிக் ஜீவா தாம் செய்த சிகையலங்காரத் தொழிலையும் அதன் காரணமாகப் பட்ட அவமானங்களையும் ஒளிக்காமல் எழுதினார். 1966இல் தொடங்கிய மல்லிகையைக் கடைசிவரை அந்த நிமிர்வோடுதான் நடத்தினார். கே. டானியலின் நாவல்களைச் சாதியைப் பற்றிப் பேசாமல் எப்படிப் பேசுவது? தெளிவத்தை ஜோசப் தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். மேமன்கவி, மேமன் என்ற தம் சமூகத்தின் பெயரையே புனைபெயராக்கிக்கொண்டார். எழுத்தாளரே முன்னால் கொண்டுவந்து வைத்ததைக் கேட்பவர் காணாததுபோல் நடந்துகொள்வதும் ஒருவகை அவமதிப்புத்தான்.

எனவே மலையகக் கேள்வியைக் கைவிடாதீர்கள். அதை வரலாற்றோடு சேர்த்துக் கேளுங்கள். தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்தக் குடும்பத்தில் யார் கையில் பத்திரம் இல்லாமல் செய்தது, அவர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் யார் தலைமன்னாரில் கப்பலேறினார்கள், யார் தோட்டத்து லயன் வீட்டிலேயே தங்கினார்கள், பிறகு கடிதம் வந்ததா என்று கேட்டால், அடையாளம் என்ற சொல்லை நீங்கள் உச்சரிக்கவே தேவையில்லை. ஹட்டனா கொழும்பா என்ற கேள்வியைத் தயவுசெய்து வெட்டிவிடுங்கள். கொட்டாஞ்சேனையில் பாதிப் பேருக்கு அதற்குப் பதில் தெரியாது.

வெள்ளவத்தை வாசகன்:

மூவருக்கும் நன்றி. நேற்று அவருடன் தொலைபேசியில் பேசினேன். வீட்டார் வாசித்தார்களா என்ற கேள்வி வேண்டாம் என்றார். அண்ணன் இன்னும் வாசிக்கவில்லையாம், வாசிக்கும்வரை அதைப் பற்றி மேடையில் பேச அவருக்கு விருப்பமில்லை. கப்பலேறியவர்களைப் பற்றிக் கேட்கலாம் என்றதோடு, திருச்சியிலிருந்து சின்னம்மா எழுதிய கடிதமொன்றைக் கொண்டுவந்து வாசிப்பதாகவும் சொன்னார். மெழுகுதிரிக் கேள்வியைக் கேட்டதும் சிரித்துவிட்டு, "அதை மேடையிலேயே கேளுங்கள்" என்றார். சபையோர் கேள்வி நேரத்தை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் இப்போது மிச்சம்.

சஞ்சிகைக்காரர்:

துண்டுக் கடதாசி கொடுத்து எழுதி வாங்குங்கள். ஒலிவாங்கியைச் சபைக்குள் விட்டால், கேள்வி கேட்க எழுந்தவர் தம் நூலை வெளியிட்டுவிட்டுத்தான் உட்காருவார்.